அக்கரையில் ஒரு தோழி

தோட்டத்திலேயே இருப்பவர்களும், தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டவர்களும் நலமாக இருக்கிறீர்களா? வேலையை முடித்து, குளித்து, ஒரு குவளைக் கோப்பியோடு உட்கார்ந்து இதைப் படியுங்கள். இந்த முறை சமையல் குறிப்பும் இல்லை, பிள்ளை வளர்ப்பும் இல்லை. என் தவறு ஒன்றைப் பற்றி உங்களிடம் சொல்லப் போகிறேன். அதோடு, ஒரு நாள் தனியாகப் பினாங்கு பட்டணத்தைச் சுற்றிப் பார்த்த கதையும் வரும்.

உங்களில் எத்தனை பேர் தனியாக ரயில் ஏறியிருக்கிறீர்கள்? கணவர் இல்லாமல், பிள்ளை இல்லாமல், பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்குக் கூப்பிடாமல்? நான் 65 வயதைத் தாண்டிய பிறகுதான் முதன்முதலாக ஏறினேன். கேட்டால் சிரிப்பீர்கள். சுங்கைப் பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அதற்குப் போய் முதல் நாள் இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

தூக்கம் வராததற்கு ரயில் காரணம் இல்லை. அக்கரையில் எனக்காகக் காத்திருந்த ஒருத்திதான் காரணம்.

அவள் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆகவே தோழி என்றே சொல்கிறேன். நாங்கள் கெடாவில் ஒரே தோட்டம், ஒரே லயன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. பிறகு இருவரும் பால்மரம் வெட்டப் போனோம். விடியற்காலை இருட்டில் பிரட்டுக்கு நிற்கும்போது என் கையை அவள் பிடித்திருப்பாள், அவள் கையை நான் பிடித்திருப்பேன். எங்கள் நிரைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மழை வந்தால் இருவரும் ஒரே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுவோம்.

எங்களுக்கு ஓர் ஆசை இருந்தது. பினாங்குக்குப் போய்க் கடலைப் பார்க்க வேண்டும், கொடிமலை ரயிலில் ஏற வேண்டும். அதற்காக ஒரு பழைய மைலோ டின்னில் காசு சேர்த்தோம். டின் எங்கள் வீட்டில் இருந்தது. சம்பள நாளன்று அவளும் போடுவாள், நானும் போடுவேன்.

1972-இல் பினாங்கில் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் தீர்வையற்ற தொழிற்பேட்டையைத் திறந்தார்கள். வெளிநாட்டு மின்னணுத் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. அவற்றுக்கு இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். கம்பத்துப் பெண்களும் தோட்டத்துப் பெண்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1979-இல் என் தோழிக்கும் வேலை கிடைத்தது. எனக்கும் சேர்த்துத்தான் கேட்டிருந்தாள். என் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பொம்பளப் பிள்ளை பட்டணத்தில் தனியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்பா மீது காட்ட முடியாத கோபத்தை நான் அவள் மீது காட்டினேன். அவள் புறப்படும் நாளில், "டின்னுல இருக்கிற என் பங்கை மட்டும் குடு, புள்ள. மொத மாசச் சம்பளம் வர்ற வரைக்கும் கையில காசு இல்ல" என்று கேட்டாள். அவள் பங்கு 31 வெள்ளி. அந்தக் காலத்தில் அது பல நாள் கூலி. "போறவளுக்கு எதுக்குக் காசு?" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் சிறிது நேரம் வாசலில் நின்றாள். பிறகு போய்விட்டாள். மூன்று கடிதம் போட்டாள். மூன்றுக்கும் நான் பதில் எழுதவில்லை. அந்த 31 வெள்ளி என் கல்யாணச் செலவோடு கரைந்து போயிற்று.

வாசகர்களே, நான் திருடி என்று எழுதவே கை கூசுகிறது. வேறு எந்தச் சொல்லைப் போட்டால் பொருந்தும் என்றும் தெரியவில்லை.

பிறகு தோட்டம் கைமாறியது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். லயன் வீடுகளை உடைத்தார்கள். நாங்கள் நாலா பக்கமும் சிதறினோம். அம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் தனியாக நிற்கிறது. ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் கூடுவோம். போன திருவிழாவில் அவள் தம்பியைப் பார்த்தேன். தயங்கித் தயங்கி அக்காவைப் பற்றிக் கேட்டேன். அவன் உடனே தொலைபேசி எண்ணைக் கொடுத்தான். அந்தத் தாளை இரண்டு மாதம் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஒரு நாள் துணிந்து கூப்பிட்டேன்.

"யாரு?" என்றாள். பெயரைச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எப்ப வர்ற?" என்று மட்டும் கேட்டாள்.

குயின் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் காலை 11 மணிக்குச் சந்திப்பதாகப் பேசிக்கொண்டோம். மகன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். அன்று அவள் தனியாகப் போனாள். நானும் தனியாகத்தான் போக வேண்டும் என்று தோன்றியது.

ரயில் மூடா ஆற்றைத் தாண்டியது. கெடா பின்னால் போயிற்று. புக்கிட் மெர்தாஜாம் வந்தது, பட்டர்வொர்த்தும் வந்துவிட்டது. நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஃபெரித் துறை. ஆட்கள் போகும் வழியிலேயே நானும் போனேன், வழி தப்பவில்லை.

1985-இல் பாலம் திறக்கப்படும் வரை, இங்கிருந்து தீவுக்கு வண்டி வாகனம் எதுவானாலும் ஃபெரியில்தான் போக வேண்டும். கீழே கார்களும் லாரிகளும், மேலே ஆட்களுமாகப் போன அந்தப் பழைய ஃபெரிகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கார்களை ஏற்றிப்போன அந்த ஓட்டம் 2020-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. 2023 ஆகஸ்டு முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டும் ஏறலாம், காருக்கு இடமில்லை. உள்ளே குளிர்சாதனம் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்தேன். தண்ணீர் பச்சை நிறத்தில் குலுங்கியது. அவள் அன்றைக்கு இதே தண்ணீரைத் தாண்டும்போது கையில் எவ்வளவு காசு வைத்திருந்தாளோ என்று நினைத்தேன். அதற்குள் படகு கரையைத் தொட்டுவிட்டது.

அக்கரையில் இறங்கியபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. கோயில் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் நான் கோயில் பக்கம் திரும்பவே இல்லை. ஊரைச் சுற்றிப் பார்த்தேன் என்று வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். பயந்துகொண்டு சுற்றினேன்.

முதலில் கண்ணில் பட்டது மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து 60 ஆண்டு நிறைந்ததற்காக, ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரத்தில் கட்டியது. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. உற்றுப் பார்த்தால் தெரியும். நான் உற்றுப் பார்த்தேன். எனக்குத்தான் நேரத்தைக் கடத்த வேண்டியிருந்ததே!

அதற்குப் பக்கத்தில் கடலோரம் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-இல் பிரான்சிஸ் லைட் கும்பினிக்காரர்கள் சார்பில் இந்தத் தீவில் இறங்கிய இடம் இது. முதலில் நிபோங் பனங்கட்டைகளை நட்டுத்தான் வேலி அடைத்தார்கள். பிறகுதான் கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டினார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். பால்மரம் இந்த நாட்டுக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நம் பக்கத்து ஆட்களின் கை இங்கே கல் சுமந்திருக்கிறது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காலை வெயிலில் சூடாக இருந்தது.

அங்கிருந்து மெல்ல நடந்தேன். ஒரே தெருவில் 1818-இல் கட்டிய ஜார்ஜ் தேவாலயம், கொஞ்சம் தள்ளிச் சீனர்களின் கருணை அம்மன் கோயில், இன்னும் போனால் 1801-இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அந்தப் பள்ளிவாசலை எழுப்பியவர் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர். கருணை அம்மன் கோயிலில் ஊதுவத்திப் புகை கண்ணைக் கரித்தது. ஒரு சீனக் கிழவி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். 2008-இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. எங்கு பார்த்தாலும் வெள்ளைக்காரப் பயணிகள் தனியாகப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எத்தனையோ கடல் தாண்டி அந்தப் பெண்கள் தனியாக வருகிறார்கள். நான் ஒரே ஒரு நீர்வழியைத் தாண்ட 45 ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டேன்.

மணி பத்தே முக்கால். இனிமேல் சுற்ற இடமில்லை. கடைத்தெருவுக்குள் நுழைந்தேன். மல்லிகைப்பூ வாசம், வடை பொரியும் வாசம், சேலைக்கடைப் பாட்டு. நம் ஊர்த் தீபாவளிச் சந்தைதான் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் பூ வாங்கிக்கொண்டு குயின் தெருப் பக்கம் திரும்பினேன்.

மாரியம்மன் கோயில் 1833-இல் கட்டப்பட்டது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். கோபுரத்தின் கீழே நீலச் சேலை கட்டிய ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். தலை முழுக்க நரை. போகிற வருகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். அடையாளம் தெரியாமல் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினாள்.

"புள்ள" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குத் திரும்பினாள். "கொரல் மாறலடி ஒனக்கு" என்றாள். கண்ணில் புரை, அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சை என்றாள். பிறகு தோட்டத்தில் கேட்பதுபோலவே, "பசியாறிட்டியா?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

அம்மனைக் கும்பிட்டுவிட்டு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தோம். சோறு வருவதற்கு முன்பே நான் உறையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அதில் 310 வெள்ளி வைத்திருந்தேன். பத்து மடங்கு கொடுத்தால் மனம் ஆறும் என்று நானாகக் கணக்குப் போட்டிருந்தேன். இது அந்த டின் காசு என்று சொன்னேன்.

அவள் உறையைப் பிரித்தாள். நோட்டுகளைக் கண்ணருகே கொண்டுபோய் ஒவ்வொன்றாக எண்ணினாள். மூன்று பத்து வெள்ளி, ஒரு ஒரு வெள்ளி, இவற்றை மட்டும் எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். மிச்சத்தை உறையோடு என் பக்கம் தள்ளினாள்.

"என் காசு முப்பத்தொண்ணு. மத்தது ஒன் காசு."

"மன்னிச்சிரு" என்றேன்.

பரவாயில்லை என்று அவள் சொல்லுவாள் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. "அந்த மொத மாசம் நான் ரொட்டியும் தண்ணியுமா இருந்தேன். ஆறு பொண்ணுங்க ஒரே அறையில. ஒரு மலாய்க்காரப் பொண்ணு அவ சோத்துல பாதியக் குடுப்பா. ஒம்மேல ரொம்ப வருசம் கோவம் இருந்துச்சு. இப்ப சுத்தமா இல்லன்னு சொன்னா அது பொய்யி. ஆனா நீ வந்துட்ட. அது போதும். சோறு வந்துருச்சு, சாப்பிடு."

நான் சாப்பிட்டேன். அவள் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. உடனே மன்னித்திருந்தால் என் மனம் ஒப்பியிருக்காது.

சாப்பிட்டுக்கொண்டே அவள் தன் கதையைச் சொன்னாள். தொழிற்சாலையில் நுண்பெருக்கிக் கண்ணாடியில் கண்ணை வைத்து, மயிரைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் பொருத்தும் வேலை. மூன்று நேர மாற்று வேலை. தொழிற்சாலைக்கு எதிரே கடலில் ஜெரஜாக் தீவு தெரியுமாம். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த நம் தாத்தா பாட்டிகளை நோய் இருக்கிறதா என்று பார்த்துத் தடுத்து வைத்த தீவு அது. 1969 முதல் 1993 வரை சிறையாகவும் இருந்தது. "எங்க பாட்டிய அங்கதான் வச்சிருந்தாங்க. பாட்டி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்னு நெனச்சுக்குவேன்" என்றாள். 1985-இல் பொருளாதாரம் சரிந்தபோது ஆட்குறைப்பில் வேலை போயிற்று. அதன்பிறகு தோசையும் இடியப்பமும் விற்று மூன்று பிள்ளைகளை ஆளாக்கினாள். கணவர் காலமாகிவிட்டார். இப்போது ஆயர் ஈத்தாம் பக்கம் அடுக்குமாடி வீட்டில் மகளோடு இருக்கிறாள்.

பட்டணத்துக்குப் போனவள் சொகுசாக இருப்பாள் என்று நான் இத்தனை ஆண்டும் பொறாமைப்பட்டிருந்தேன். அவள் பட்ட பாடு நான் பட்ட பாட்டுக்குக் குறைந்தது இல்லை. நான் மரத்தடியில் குனிந்தேன், அவள் கண்ணாடி முன்னால் குனிந்தாள்.

"எழுந்திரு, மலைக்குப் போவோம். சீட்டு என் காசு" என்றாள். எந்தக் காசு என்று உங்களுக்கே தெரியும்.

பேருந்தில் ஏறி மலையடிவாரம் போனோம். கொடிமலை ரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது. முன்பு பாதி மலையில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும், மேலே போக அரை மணி நேரம் ஆகும். 2011-இல் புது வண்டி வந்த பிறகு மாறத் தேவையில்லை, சில நிமிடங்களில் உச்சிக்கு ஏற்றிவிடுகிறது. அடையாளக் கார்டைக் காட்டினால் நம் நாட்டு மக்களுக்குக் கட்டணம் குறைவு, 60 வயதைக் கடந்தவர்களுக்கு இன்னும் குறைவு. வண்டி செங்குத்தாக ஏறும்போது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "பிரட்டுல நிக்கற மாதிரி புடிக்கிற" என்று சிரித்தாள்.

"நீயும் இப்பத்தான் முதல் தடவை வர்றியா?" என்று ஆசையோடு கேட்டேன்.

"ஏன்டி, ஒனக்காக நாப்பது வருசம் காத்துக்கிட்டு இருப்பேனா? பத்துத் தடவை வந்துட்டேன்!"

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மேலே குளிர்ந்த காற்று. அங்கே ஒரு முருகன் கோயிலும், பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. முருகனைக் கும்பிட்டுவிட்டு வேலியோரம் நின்றோம். கீழே ஜார்ஜ்டவுன், நடுவில் கொம்தார் கட்டடம், அப்பால் கடல், 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம். வானம் தெளிவாக இருந்ததால் வடக்கே கெடாவின் ஜெராய் மலை நீலமாகத் தெரிந்தது. தோட்டத்தில் தினமும் நாங்கள் பார்த்த மலை அது. அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. "எங்க இருக்கு, காட்டு" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து அந்தத் திசைக்கு நீட்டினேன். அங்கே எங்கள் லயன் எந்தப் பக்கம், பால் கொட்டகை எந்தப் பக்கம், அம்மன் கோயில் எந்தப் பக்கம் என்று நானும் அவளுமாக மாற்றி மாற்றிச் சொன்னோம். நான் மறந்த பெயர்களை அவள் சொன்னாள். அவள் மறந்ததை நான் சொன்னேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. நம் தோட்டங்கள் பல இன்று இல்லை. லயன் இல்லை, பள்ளிக்கூடம் இடம் மாறிவிட்டது, மரம் இல்லை. அவை எப்படி இருந்தன என்று எழுதி வைத்தவர்களும் அதிகம் இல்லை. என் அம்மா எப்படிச் சிரிப்பாள் என்று தெரிந்தவர் இன்று என்னைத் தவிர அவள் ஒருத்திதான். இப்படி ஒருத்தியை 31 வெள்ளிக்கும் ஒரு வீம்புக்கும் நான் தொலைத்து வைத்திருந்தேன்.

மாலையில் ஃபெரித் துறை வரை வந்து வழியனுப்பினாள். "கண்ணு சரியானதும் நான் அங்க வர்றேன். கோயிலக் காட்டு" என்றாள். வருகிற திருவிழாவுக்கு அவளுக்காகக் காத்திருக்கிறேன்.

வாசகர்களே, உங்களுக்கும் இப்படி ஒருவர் இருப்பார். கிள்ளானுக்கோ, ஜொகூருக்கோ, சிங்கப்பூருக்கோ போனவராக இருப்பார். ஒரு சண்டையோ, ஒரு கடனோ, ஒரு பதில் போடாத கடிதமோ நடுவில் கிடக்கும். கோயில் திருவிழாவில் கேளுங்கள், பழைய பள்ளித் தோழர்களிடம் கேளுங்கள், தம்பி தங்கைகளிடம் கேளுங்கள். யாராவது ஒருவரிடம் தொலைபேசி எண் இருக்கும். அதை என்னைப் போல் இரண்டு மாதம் சாமி படத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள்.

தனியாகப் போகப் பயப்படும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. அடையாளக் கார்டு, ஒரு போத்தல் தண்ணீர், வெயிலுக்குக் குடை, மகன் அல்லது மகளின் எண்ணை எழுதிய தாள், இவை போதும். ரயில் நிலையத்தில் சீட்டு வாங்கும்போது வயதானவர்களுக்குச் சலுகை உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள். இருட்டுவதற்குள் திரும்பும் வண்டி எது என்று போகும்போதே பார்த்து வையுங்கள். இருட்டில் உளியும் விளக்குமாகக் காட்டுக்குள் தனியாக நடந்தவர்கள் நாம். பட்டணத்துத் தெரு நமக்கு அவ்வளவு பெரிதா?

போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். யாரைப் பார்த்தீர்கள், அவர் முதலில் என்ன கேட்டார் என்று சொல்லுங்கள். பசியாறிவிட்டாயா என்றுதான் கேட்டிருப்பார் என்பது என் எண்ணம்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.